எலிக்குக் குளிராதா?

கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததும் வள்ளியம்மாள் ஏசி ரிமோட்டைத் தேடி எடுத்து இரண்டு டிகிரி ஏற்றிவிடுவார். யாரிடமும் கேட்பதில்லை. எதிரே இருக்கும் பேராசிரியர்கள் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். குகட்பள்ளி வீட்டிலும் இதே கதைதான். கணவர் சந்திரசேகரன் மின்விசிறியை ஐந்தில் வைப்பார். இவர் போகிற போக்கில் மூன்றுக்கு இறக்குவார். “நக்கோ வள்ளி, நக்கோ!” என்று உள்ளூர் உருதுவில் அவர் வேண்டாம் வேண்டாமெனக் கத்துவது பக்கத்து ஃபிளாட்டுக்கும் பழகிவிட்டது.

வள்ளியம்மாள் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் விலங்கு நலக் குழுவில் உறுப்பினர். எலிகளை வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் அந்தக் குழு ஒப்புதல் தர வேண்டும். விஞ்ஞானி அல்லாத ஒருவரும் அதில் இருந்தாக வேண்டும். “எனக்கு சயின்ஸ் தெரியாது. அதுக்காகத்தான கூப்பிட்டிருக்காங்க!” என்பார் பெருமையாக. வலிக்குமா, பசிக்குமா, குளிருமா என்று கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் முறுக்கு டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மறுபடியும் அதையே கேட்பார்.

போன மாதம் ஹம்ஸினி என்ற இளம் விஞ்ஞானி வந்து நின்றாள். கோயம்புத்தூர்ப் பெண். எலியின் மூளையடியில் இருக்கும் சில செல்களை மருந்தால் தூண்டினால் உடம்புச் சூடு இறங்கிவிடும், நடமாட்டமும் நின்றுபோகும், சில மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடும் என்றாள். முன்பே ஒப்புதல் வாங்கிச் சின்ன அளவில் செய்து பார்த்தாயிற்று. பெரிய அளவில் செய்யத்தான் ஒப்புதல்.

“அதுக்குக் குளிராதா?”

“மூளையே சூட்டைக் குறைச்சு வெச்சுக்குதுங்க மேடம். தீனி கிடைக்காதப்ப எலி தானாவே இப்படிப் பண்ணும். அதனால குளிராதுன்னுதான் நினைக்கறேங்க.”

“நினைக்கிறியா? அப்ப நான் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

ஹம்ஸினியின் முகம் வாடிவிட்டது. இப்போது ஒப்புதல் கிடைக்காவிட்டால், அடுத்த கூட்டம் வருவதற்குள் அவளுடைய வேலைக்காலமே முடிந்துவிடும்.

மறுநாள் காலை வள்ளியம்மாள் ஆய்வகத்துக்குப் போனார். கூண்டின் மூலையில், மருந்து கொடுத்திருந்த ஒரு கறுப்புச் சுண்டெலி சுருண்டு கிடந்தது. பக்கத்துத் திரையில், சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா எடுத்த படம். தரையும் நீலம், எலியும் நீலம்.

“செத்துப்போச்சாம்மா?”

“இல்லீங்க, மூச்சு இருக்குது பாருங்க.”

விலா எலும்பு எப்போதோ ஒருமுறை அசைந்தது. வள்ளியம்மாளுக்குத் தாங்கவில்லை. “ஒரு வெந்நீர்ப் பையாவது கொண்டா!”

“வேண்டாங்க. நாம சூடு குடுத்தா, அது தானா எந்திரிக்குதான்னு எனக்குத் தெரியாமப் போயிரும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். அதைக் கவனித்ததும் வள்ளியம்மாளுக்கு அவள் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

முதலில் திரைதான் மாறியது. எலியின் தோள்களுக்கு நடுவே மஞ்சளாக ஒரு பொட்டு.

“அந்த இடத்துலதான் மொதல்ல சூடேறும். அங்க இருக்கற கொழுப்பை எரிக்குதுங்க,” என்றாள் ஹம்ஸினி. மஞ்சள் முதுகெங்கும் பரவியது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மீசை துடித்தது. முன்னங்கால் ஒன்று நகர்ந்தது, அப்புறம் இன்னொன்று. குடித்தவனைப் போலத் தள்ளாடி நேரே தீனித் தொட்டிக்குப் போய் எதையோ கொறிக்கத் தொடங்கியது.

“ஏய், திங்குதுடி!” வள்ளியம்மாள் ஹம்ஸினியின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எலி ஒரு கணம் நின்று பார்த்தது.

“ஒண்ணு மட்டும். எந்திரிச்சதும் படுக்க மெத்துனு ஏதாச்சும் போட்டுக் குடுக்கணும்.”

“சூட்டை அளந்து முடிச்சதும் காகிதத் துண்டு போட்டுர்றேங்க. முன்னாடியே போட்டா உள்ள பூந்துக்கும், கேமராவுக்குத் தெரியாது.”

“அதுவும் சரிதான்.” நின்றபடியே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்தவர், ஆய்வகக் கதவின் கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, தொட்டில் பிள்ளை தூங்கும் அறைக்கதவைப் போல அதைச் சத்தமில்லாமல் சாத்தினார்.