கடைசிப் பெட்டியில் தொங்கும் ஒற்றைக்கால் ஆள்

அந்த ஒற்றைக் கால்தான் முதலில் கண்ணில் பட்டது. டீச்சரின் முகம் இல்லை.

வசந்தா டீச்சர் நேற்றுக் காலமாகிவிட்டாராம். மாட்டுங்கா ஸ்கூலில் எங்களுக்கு ட்ராயிங் எடுத்தவர். தொண்ணூறை நெருங்கியிருப்பார்...

பழைய மாணவிகள் குரூப்பில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ போட்டிருக்கிறார்கள். ஸ்கூல் ஹால், ஓவியக் கண்காட்சி, நடுவில் டீச்சர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அவர் தோளுக்குப் பின்னால், சுவரில் ஒரு ரயில். தோலை வெட்டித் தைத்த ரயில். கடைசிப் பெட்டியின் வாசலில் தொங்குகிற ஆளுக்கு ஒரே ஒரு கால்.

அது நான் செய்தது. குப்பைக்குப் போய்விட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுவில்... நான் ஒன்பதாம் வகுப்பு. தாராவியிலிருந்து நடந்து வருவேன். வாயே திறக்க மாட்டேன். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவள்தான் எனக்கும் சேர்த்து "ப்ரெசென்ட் டீச்சர்" சொல்வாள்.

"ஆத்துல இருக்கற ஃப்ளவர் வாஸை வரைஞ்சுண்டு வாங்கோ" என்றார் டீச்சர் ஒருமுறை. எங்கள் வீட்டில் எங்கே ஃப்ளவர் வாஸ்? எண்ணெய் டின்னில் அம்மா வளர்த்த கற்பூரவல்லியை வரைந்தேன். டின்னில் இருந்த துருவைக்கூட விடவில்லை.

குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. "நான் கேட்டது இது இல்லை." பத்துக்கு மூன்று.

சரி, போகட்டும்.

அடுத்த ப்ராஜெக்ட், வீட்டில் மீந்துபோகிற பொருளை வைத்து ஒரு படம். "நன்னா பண்றவாளை ட்ராயிங் பரீட்சைக்கு அனுப்பறேன்" என்றார்.

மாட்டுங்கா வீடுகளில் பட்டுத் துணியும் பாசிமணியும் மீந்துபோகும் போல. எங்கள் வீட்டில் மீந்தது தோல்துண்டு. அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை.

அந்த வருஷம் என் படிப்பை நிறுத்திவிடுவதாகப் பேச்சு. அம்மா கெஞ்சிக் கெஞ்சி, அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். "டீச்சரம்மா அந்தப் பரீட்சைக்கு உன்னைய அனுப்புதேன்னு சொன்னாவன்னா பதினொண்ணு வரைக்கும் படிட்டி. இல்லன்னா அத்தகூட உக்காந்து பை தைக்கப் பழகு."

பத்து நாள். சயான் பாலத்தில் நின்று ரயிலைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன். பெட்டிகளுக்குக் கருஞ்சிவப்புத் தோல். தொங்குகிறவர்களுக்குக் கறுப்பு, மஞ்சள், பழுப்பு. மைதாப் பசை ஒட்டவில்லை. அப்பாவின் குத்தூசியால் துளை போட்டு ஒவ்வொரு ஆளையும் தைத்தேன். விரலெல்லாம் பொத்தல்.

கடைசி ஆளுக்கு வரும்போது பழுப்புத் தோல் தீர்ந்துவிட்டது. ஒரு காலோடு விட்டேன்.

அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரியாத்தாம்ட்டி இருக்கு. அந்தக் கூட்டத்துல ஒரு காலு வைக்கத்தான் எடம் கெடைக்கும்."

கிளாஸில் அதைப் பிரித்ததுமே முதல் பெஞ்ச் கீதா மூக்கைப் பிடித்தாள். "ஐயே, என்னடி இது! செத்த மாட்டைச் சுருட்டி எடுத்துண்டு வந்துட்டியா?" மொத்த கிளாஸும் மூக்கைப் பிடித்தது. டீச்சர் யாரையும் அதட்டவில்லை.

"யார் பண்ணிக் குடுத்தா?" என்று என்னிடம் கேட்டார்.

நானேதான் டீச்சர்... என்று சொல்லாமல், பொத்தல் விழுந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"கேட்டா பதில் சொல்லத் தெரியாதா? கொண்டுபோய் வெராண்டால வை." கையால் தொடவில்லை. பென்சில் நுனியால் தள்ளினார்.

மறுநாள் வெராண்டாவில் அது இல்லை. பெருக்குகிற அம்மாவிடம் ஜாடையில் கேட்டேன். துடைப்பத்தை நிறுத்தாமலே "கச்ரே மே கயா ஹோகா" என்றாள். குப்பையில் போயிருக்கும்.

"டீச்சரம்மா என்னட்டி சொன்னாவ?" என்றார் அப்பா. நல்லா இல்லைன்னு சொல்லிட்டாவ, என்றேன். திங்கட்கிழமை அத்தை பக்கத்தில் பை தைக்க உட்கார்ந்தேன்.

இப்போது பார்த்தால், ஹாலில் தொங்குகிறது! நான் ஸ்கூலை விட்டு நின்ற பிறகு நடந்த கண்காட்சி. கீழே ஒரு அட்டை. ஜூம் செய்து ஜூம் செய்து படித்தேன்... "ஒன்பதாம் வகுப்பு மாணவிகளின் கூட்டு முயற்சி."

எந்தக் கூட்டு? மூக்கைப் பிடித்த கூட்டா?

ஹாலில் மாட்டுகிற அளவுக்கு நன்றாக இருந்திருக்கிறது. அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்? தாராவி என்ன கடல் தாண்டியா இருக்கிறது? இருபது நிமிஷ நடை. யாரிடமாவது சொல்லி அனுப்பியிருந்தால் போதும். அப்பா மறுநாளே என்னை ஸ்கூலுக்கு அனுப்பியிருப்பார்.

குரூப் முழுக்க "அன்னை", "தெய்வம்" என்று எழுதுகிறார்கள். எனக்குக் கை வரவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். வெளிச்சம் எந்தப் பக்கமோ, நிழல் அதற்கு எதிர்ப் பக்கம் என்று ஜன்னலோரம் ஒரு டம்ளரை வைத்துக் காட்டியவர் அவர்தான். ரயிலுக்கு அடியில் கறுப்புத் தோலில் நான் வைத்த நிழல், போட்டோவில்கூடத் தெரிகிறது.

கீதா இப்போது புனேயில் இருக்கிறாள் போல. அவள் கமெண்ட்: "பின்னாடி பாருங்கோ, நம்ம ட்ரெயின்! எல்லாரும் ஒண்ணா உக்காந்து பண்ணினோமே... அதெல்லாம் என்ன நாட்கள்!" அதற்கு நாற்பது லைக்.

போய் வாருங்கள் டீச்சர். அந்த நிழலுக்கு நன்றி. மற்றதற்கு இல்லை.

கீதாவின் கமெண்டுக்குக் கீழே ஒற்றை விரலால் டைப் செய்தேன். "கடைசி ஆளோட இன்னொரு கால் எங்கே, கீதா?"

அதற்கும் கீழே, செ. முத்துலட்சுமி, ஒன்பது பி, தாராவி என்று போட்டேன்.