பொம்மைக்கு உடம்பு வரைந்தவள்

என் மகள் செய்த பொம்மைகளின் அடியில் இருந்த இன்னொரு பெண்ணின் பெயரை நான் அழிக்கச் செய்தேன். அதனால் மகளுக்குத் திருடி என்று பட்டம் வந்தது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். திண்டுக்கல் வீட்டில் நானும் மகளும்தான். அவளோடு படித்தவர்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அவளுக்கு இருந்த துணை, கம்ப்யூட்டரில் உடை மாற்றும் பொம்மை செய்கிறவர்களின் இன்டர்நெட் குழு ஒன்றுதான். திரையில் பொம்மை நிற்கும். பக்கத்தில் சேலை, தாவணி, ஜிமிக்கி எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். இழுத்து மேலே வைத்தால் உடுத்திக்கொள்ளும். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றை அவள் புள்ளி புள்ளியாக வரைந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பற்றி அவளுக்கு மெயில்கள் எழுதினார்கள். அவற்றைப் படித்து அவள் சிரிப்பது அடுத்த அறையில் எனக்குக் கேட்கும்.

நத்தத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் வீட்டில் என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக, அவளிடம் சொல்லாமல் படங்களை ஒரு பிளாப்பியில் எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

"என்ன சார், ரிட்டையராகிப் பொம்மைக்குச் சேலை கட்ட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

"மக வரைஞ்சது. நெட்டுல ஒரு பக்கமாப் போட்டுக் குடுங்க. கீழ இருக்கிற பேரு வேணாம், எம்மக பேரு மட்டும் போதும்."

மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. பார்த்தது அந்தக் குழு. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வெறும் உடம்பை வரைந்து பொதுவில் வைப்பார். யார் வேண்டுமானாலும் அதற்கு உடை வரையலாம். காசு கிடையாது. உடம்பு வரைந்தவர் பெயரைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். மகள் ஒருமுறை சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டே தலையாட்டினேன்.

"ஏம்ப்பா அந்தப் பேரை எடுத்தீங்க?"

"உம் படத்துல எவளோ ஒருத்தி பேரு எதுக்கு?"

"உடம்பு அவங்களுதுப்பா. சேலை மட்டுந்தான் என்னுது. இப்ப என்னையத் திருடின்னு சொல்லிக் குழுவ விட்டு வெளிய தள்ளிட்டாங்க."

அதன்பிறகு அடுத்த அறையில் சிரிப்பு இல்லை. சாப்பிட வா என்றால் வருவாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கடைக்காரரிடம் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். அவர்கள் நம்பவில்லை. அப்பா என்ற பெயரில் அவளே எழுதியிருக்கிறாள், கிழவன் வேஷம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் பதில் போட்டார். என்னால் அவளுக்கு இரண்டாவது அவமானம்.

கடைசியில் உடம்பு வரைந்த பெண்ணுக்கே நேராக எழுதினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. நம்புகிறேன், உங்கள் மகள் திரும்பி வரட்டும் என்று எழுதியிருந்தாள். அதை அச்செடுத்து மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "சரிப்பா" என்றாள். திரும்பிப் போகவில்லை. போனாலும் தன்னைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள் என்று அவள் நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

நத்தத்து வரன் அமையவில்லை. பிறகு வேறு இடத்தில் அவளுக்குக் கல்யாணமானது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "இன்னிக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம் வச்சீங்க?" என்று கேட்பாள். வேறு பெயரில் மறுபடி பொம்மை செய்கிறாள் என்று மருமகன் வாய்தவறிச் சொன்னார். என்ன பெயர் என்று கேட்டேன்.

"அது மட்டும் உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா மாமா," என்றார்.