மண்டியிடாமல் போட்ட தரை

டைல்ஸ் பதிக்கும் அவரை வேலையிடத்தில் எல்லோரும், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது என்பார்கள். முப்பது வருஷம் மண்டியிட்டுச் சம்பாதித்த பெயர்.

ஐம்பது தாண்டியதும் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் மடங்காது. மண்டியிட்டால் உள்ளே மணல் அரைபடுவதுபோல நறநறவென்று சத்தம். யாரிடமும் மூச்சு விடவில்லை. மண்டியிட முடியாத டைல்ஸ்காரனை எவன் கூப்பிடுவான்?

ஒரு டீச்சர் வீட்டுக் குளியலறை. கடைசி மூலையில் ஆறு கற்கள் பாக்கி. முட்டி வீங்கியிருந்தது. மட்டம் பார்க்காமல், நின்றபடியே காலால் அழுத்திவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் டீச்சர் போன் செய்தாள். "அண்ணே, மூலையில தண்ணி தேங்குது. எங்க வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிருச்சு."

"நீங்க வாங்கின சிமெண்டு சரியில்லம்மா," என்று சொல்லிவிட்டார்.

"அப்படியா? எங்க தப்புதானா," என்று அவள் போனை வைத்தாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் நொண்டுவதைக் கவனித்த மனைவி, இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"எலும்பு முனையில வழவழன்னு குருத்தெலும்பு உறை மாதிரி மூடியிருக்கும். அதுல நரம்பு கிடையாது, தேய ஆரம்பிக்கிறது தெரியாது. ரத்த ஓட்டமும் இல்ல, தேஞ்சது சரியா வளராது. உங்களுக்கு இடைவெளியே குறைஞ்சுபோச்சு, ஓரத்துல எலும்பு முள்ளு மாதிரி நீட்டிட்டிருக்கு. எத்தன நாளா வலி?"

"மூணு வருஷமா."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்டகூடச் சொல்லலியே."

தொடைத் தசையைப் பலப்படுத்தச் சொன்னார் டாக்டர். மண்டியிடவே கூடாது என்றார்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனார். "சிமெண்டு நல்லதுதாம்மா. முட்டி வலியில நான்தான் மட்டம் பாக்காம போட்டேன். பொய் சொல்லிட்டேன்."

கட்டுப்போட்ட கணவர் இன்னொரு கையால் நாற்காலியை நகர்த்தினார். "மொதல்ல உக்காருங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பழைய கூட்டாளி ஒருவர் வந்து அந்த மூலையைப் பெயர்த்தார். "யாருய்யா இப்படிப் போட்டது?"

"நான்தான்," என்றார் நாற்காலியில் இருந்தபடி. கூட்டாளி அடுத்த கல்லைப் பெயர்க்கக் குனிந்தார்.

இப்போது சுவர் வேலை மட்டும் எடுக்கிறார். தரைக்குக் கூப்பிட்டால், மண்டியிட முடியாது என்று சொல்லிவிடுகிறார். சொல்லும்போது கூப்பிட்டவரின் முகத்தைப் பார்ப்பதில்லை.