மல்சுன் அக்காவும் கறுப்புக் காயும்

"லேட்டு," என்கிறார் மல்சுன் அக்கா. மேசைக்கு அடியில் தலையை விட்டு வயர்களைத் துழாவிக்கொண்டிருக்கிறார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் சாக்ஸபோனில் ஒரே ஒரு வரிதான் ஊதியிருக்கிறேன். "ஒரு மயிரிழ லேட்டு. எப்பவும் போல."

இந்த அறைக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து இதே பேச்சு. கல்யாண மண்டபத்தில் ஊதியிருக்கிறேன், மதுக்கடையில் ஊதியிருக்கிறேன், சந்தையில் கருவாட்டுக் கடைக்கு முன்னால் நின்றும் ஊதியிருக்கிறேன். அங்கெல்லாம் யாரும் சொல்லாத குறை. இங்கே மட்டும் நான் லேட்டு. பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் அதற்கு ஒரு மணி நேரம் சண்டை நடக்கும் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பியோ மல்சுன் அக்காவுக்கு அறுபது நெருங்குகிறது. உல்ஜிரோ கடைத்தெருவில் விளக்குக் கடைகளுக்கு மேலே நான்காம் மாடியில் இருக்கிறது அவருடைய ரெக்கார்டிங் அறை. லிஃப்ட் கிடையாது. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் வறுத்த உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு விற்பார்களே, டூர் பஸ்ஸில் ஆடுவதற்கான ட்ராட் என்கிற குத்துப் பாட்டுகளின் மெட்லி, அதைச் செய்வதுதான் தொழில். நாற்பது பாட்டும் மூச்சு விட இடமில்லாமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். "பாட்டு நின்னா பஸ்ஸுக்குள்ள ஆடிக்கிட்டு இருக்கறவ உக்காந்துருவா. உக்காந்தவ அப்புறம் எந்திரிக்க மாட்டா. டூரே போச்சு," என்பார்.

ஒரு பாட்டும் அடுத்த பாட்டும் சேருகிற இடத்தை அவர் காதால் சோதிப்பதில்லை. அறைக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பேருந்து இருக்கைகள் மாதிரி இரண்டு வரிசையாகப் போட்டுவைத்திருக்கிறார். பாட்டை ஓடவிட்டு, நாற்காலி முதுகுகளை மாறி மாறிப் பிடித்துக்கொண்டு, இடுப்பை ஆட்டியபடி நடுவில் போய் வருவார். முகம் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருக்கும். கால் ஒரு இடத்தில் தடுமாறினால் போதும், செய்ததையெல்லாம் அழித்துவிடுவார்.

கால் தடுமாறாமல் இருக்க, அறையில் உள்ள சாமான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். இரண்டு பழைய சிந்தசைசர், ஒரு ரிதம் பெட்டி. இவை கம்ப்யூட்டர் வயர் வழியாகச் சொல்கிற தாளத்தைக் கேட்டு நடக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. "வெள்ளச் சட்ட, நல்ல சம்பளம், சொன்ன பேச்சு மட்டும் கேக்க மாட்டான்." ரிதம் பெட்டியின் பெயர் கிழவன். கிழவனுடைய ஸ்டார்ட் பொத்தான் தேய்ந்து உள்ளே போய்விட்டதால், பாதுக் என்கிற பலகை ஆட்டத்துக் கறுப்புக் காய் ஒன்றை அதன் மேல் ஒட்டிவைத்திருக்கிறார். அதை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. ஒருமுறை தூசி தட்டப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்று சனிக்கிழமை. பாடகர் குக் தேசிக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தண்ணீர் குடிக்கிறார். திங்கட்கிழமை அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு பாடுகிற குரல் இருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் கை விரித்துவிட்டார். மெட்லியில் அவருக்கு இன்னும் இரண்டு பாட்டு பாக்கி. மாப்பிள்ளையோ நேற்று ராத்திரி யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, காலையிலிருந்து கிழவனை யாரென்றே தெரியாது என்கிறான். அக்கா வயரைப் பிடுங்குகிறார், செருகுகிறார். அணைக்கிறார், போடுகிறார். அவர் எனக்குக் கலந்து கொடுத்த மிக்ஸ் காப்பியில் ஏடு படிந்துவிட்டது.

"அக்கா, கம்ப்யூட்டர் போடற வெறும் டிக் டிக்க வெச்சு தேசிக் பாடிட்டுப் போகட்டும். டிரம்ம நீ அப்புறமா போட்டுக்கோ," என்றேன்.

"டிக் டிக்க கேட்டா தேசிக் பேங்க்ல டோக்கன் வாங்கி உக்காந்தவன் மாதிரி பாடுவான். கிழவன் அடிச்சாதான்டா அவனுக்குத் தொண்ட தொறக்கும்."

"இன்னைக்குத் தொறந்தா போதும்க்கா," என்றார் தேசிக். "திங்கக்கிழம டாக்டரே தொறந்துருவான்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. வயரை உருவி மூலையில் எறிந்தார். "போங்கடா. மாப்பிள்ளையும் கிழவனும் பேசிக்கவே வேணாம். நானே கையால விடறேன்."

கம்ப்யூட்டரில் டிக் டிக் ஓட, முதல் தட்டில் அக்கா கறுப்புக் காயை அமுக்கினார். மேளம் கிளம்பியது, டிக்குக்கு முன்னால் ஒரு எட்டு எடுத்து வைத்து. தேசிக் அரை வரி பாடினார். நிறுத்தச் சொன்னார் அக்கா. திரும்ப அமுக்கினார். திரும்ப அதே. மூன்றாம் தடவை தேசிக் துண்டுக்குள் இருமினார். அந்த இருமல் முடிய வெகு நேரம் ஆனது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இருக்கறதே கொஞ்சம் குரலு. அதையும் ஒத்திக பாத்தே தீத்துருவியா? மெஷினு ஒழுங்கா வரலன்னா விட்டுத் தொலையேன்!"

"மெஷினு இல்லடா பாங்," என்றார் தேசிக், கரகரவென்று. பிறகு அக்காவைப் பார்த்து, தயங்கி, "அக்கா... நீதான் முந்துற."

அக்கா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். மூன்று தடவை அடித்த மேளமும் டிக் விழுகிற கோட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பாங், மைக்குக்கு ஊதின அந்த வரிய ஊது."

டிக் டிக்கோடு ஊதினேன். அவர் நாற்காலிகளுக்கு நடுவில், முதுகுகளைப் பிடித்தபடி, மெதுவாக ஒருமுறை போய் வந்தார். கால் எங்கும் தடுமாறவில்லை. லேட்டு என்கிற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

ரிதம் பெட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். கறுப்புக் காயைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். "சாக்ஸ கீழ வை. டிக் வந்ததும் இத நீ அமுக்கு."

"நானா? நாந்தான் லேட்டாச்சே."

தேசிக் துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்து மைக் முன்னால் போய் நின்றார். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அதத்தான்டா சொல்றேன். எப்பவும் போல லேட்டா அமுக்கு."