தேதி மாறாத டிக்கெட்

“அண்ணாச்சி, இந்தத் தேதிய ஒரு மாசம் தள்ளிப் போட்டுத் தாங்க” என்று காசிம் டிக்கெட்டை என் மேஜையில் வைத்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ் இருந்தது. மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் சப்-ஏஜென்ட். ஒரு சீட் இருக்கிறதா என்று கேட்பதற்கே டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காசிம் கடையநல்லூர்க்காரர். சங்கரன்கோவிலில் பெண் கட்டி, தாயாரையும் கூட்டிவந்து இங்கேயே குடியிருந்தார். சவுதியில், தம்மாமில் தையல் வேலை. லீவில் வந்திருந்தபோது தாயார் படுத்துவிட்டார்.

“டாக்டர் கைய விரிச்சிட்டாரு. உம்மா ஏங் கையாலதான் கஞ்சி குடிக்குதாங்க. வேற யார் குடுத்தாலும் வாயத் தொறக்க மாட்டேங்காங்க.”

“அங்க லீவு தருவாங்களா?”

“தந்தி குடுத்தேன். இருந்துட்டு வான்னு பதில் வந்துட்டு. டிக்கெட்தான் பாக்கி.”

எடுத்துப் பார்த்தேன். எக்ஸ்கர்ஷன் ஃபேர். போக வரச் சேர்த்து வாங்கினால் மலிவாகக் கிடைப்பது. வேலிடிட்டிக்குள் திரும்பிவிட வேண்டும்; தவறினால் வெறும் காகிதம். அவருடையது அந்த வாரத்தோடு முடிந்தது. புதிதாக ஒன்வே எடுப்பதென்றால் அரை வருஷச் சம்பளம் போய்விடும்.

மெட்ராஸில் கேட்டேன். “ரூல்ஸ்ல இடமில்ல சார்” என்றார்கள். மலிவாக வேறு டிக்கெட் தேடினேன். கொழும்பு வழியாகப் பார்த்தேன், எட்டவில்லை. எங்கள் முதலாளி தன் கமிஷனே வேண்டாம் என்றார், அப்போதும் எட்டவில்லை. திருவனந்தபுரத்தில் குரூப் ஃபேரில் ஒரு ஆள் விலகிவிட்டதாகத் தகவல் வந்தது. அடுத்த மாதம் கிளம்பும் குரூப், கட்டுப்படியாகிற விலை. காசிம் அன்று பெஞ்சிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். மறுநாள்தான் லைன் கிடைத்தது; கேட்டால், அந்த சீட் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

அதற்கு மேல் தேட இடமில்லை. கையிலிருந்த டிக்கெட்டிலேயே போய்விடுவதென்று முடிவுசெய்து, பம்பாய்க்குப் புறப்படும்முன் ஆபீஸுக்கு வந்தார். பம்பாயில் தங்கும் லாட்ஜின் நம்பரைக் கொடுத்தார்.

“கடைக்குப் போயிட்டு வாரேன்னு உம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. சரின்னு தலையாட்டினாங்க.”

அவர் பிளேன் ஏற வேண்டிய நாளன்று, ஆபீஸ் திறக்கும்போதே அவருடைய மச்சான் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“விடியக்காலம் மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அடக்கம். அவனுக்குத் தகவல் சொல்லணும்.”

முதலாளி, “மொதல்ல மெட்ராஸ்ல ஒரு வார்த்த கேளுங்க” என்றார். அர்ஜென்ட் கால் போட்டேன். மரணம் என்றால் ஏர்லைன்ஸில் தேதி மாற்றித் தருவார்கள், தனியாகக் கட்டணம் இல்லை என்று பதில் வந்தது. பிறகு பம்பாய் லாட்ஜுக்கு லைன் கிடைத்தது. மச்சான், “நீங்களே சொல்லுங்க” என்று ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டார்.

“காசிம், உம்மா போயிட்டாங்க.”

அவர் கேட்பதற்கு முன்பே மீதியையும் சொன்னேன்.

“இப்ப தேதி மாத்தித் தாரோம்னு சொல்லுதாங்க. பணம் வேண்டாமாம். நீங்க திரும்பி வரலாம்.”

“அடக்கம் எப்ப?”

“இன்னைக்குச் சாயங்காலம்.”

“அப்ப நான் யாரப் பாக்க வரணும் அண்ணாச்சி?”

அதோடு லைன் அறுந்துவிட்டது. அன்றே அவர் தம்மாமுக்குப் போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மலிவு டிக்கெட் கேட்டு வருபவரிடம் விலையைச் சொல்லும்முன், வீட்டில் யாரும் படுக்கையில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். காசிமுக்குப் பின் வந்த எல்லோரிடமும் நான் கேட்டேன். “டிக்கெட்டுக்கு வந்தா குடும்பக் கதய கேக்கீரே” என்று கோபித்தவர்கள் உண்டு. பதில் சொன்னவர்களுக்கு, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டின் விலையையும் சேர்த்தே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அநேகமாக எல்லோருமே மலிவானதைத்தான் எடுத்தார்கள். அவர்கள் கைக்கு எட்டியது அது ஒன்றுதான்.