நாலாவது ஆளாக ஒரு கல்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். அப்பாவுக்கு மொபெட்டைத் தாண்டி எதுவும் வராது. அம்மாவுக்கு அந்த மொபெட்டின் பின்சீட்டே பயம். நான் கல்லூரி லீவு நாட்களில் சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் கிடந்து, ரிப்பேருக்கு வந்த வண்டிகளை எல்லாம் பைபாஸ் வரை விரட்டிப் பழகியவள். அதனால் ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம் என்று அப்பா வாயைத் திறந்ததும், பரீட்சை வைக்கும் வேலை என்னுடையது என்று நானே அறிவித்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இரண்டாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும்.

அப்பாவுக்கு வேண்டியது வேறு. அக்காவை ஒட்டன்சத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். முதல் தடவை அவள் உண்டாகியிருந்தபோது, அஞ்சாம் மாசத்தில் அப்பா ஒரு வாடகை ஜீப் பிடித்து அவளைத் திண்டுக்கல் கூட்டி வந்தார். மூன்றாம் நாள் கலைந்துவிட்டது. ஜீப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. இப்போது மறுபடி ஆறு மாசம். அடுத்த மாசம் வளைகாப்பு முடிந்ததும் அவளை அழைத்து வர வேண்டும். வாடகை வண்டியில் இல்லை, நம் வண்டியில், அதுவும் குலுங்காத வண்டியில். அப்பா இரவும் பகலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

சித்தையன்கோட்டையில் ஒரு வண்டி இருப்பதாகச் சித்தப்பா சொன்னார். நாலு வயசு, டீசல், ஒரே ஓனர். அப்பா, சித்தப்பா, நான் என்று கிளம்பும்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது, மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அது நாலாவது ஆள். காரியம் முடிந்து திரும்பும்போது, வீட்டுப்படி ஏறுவதற்கு முன் அதை வழியில் இறக்கிவிட வேண்டும். அப்பா தன் மோட்டார் ரீவைண்டிங் கடை வாசலில் குனிந்து, கோழிமுட்டை அளவில் ஒரு கல்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டார். பஸ்ஸில் நாலு டிக்கெட் கேளுங்கப்பா, கண்டக்டர் பிடித்துவிடப் போகிறார் என்று நான் வாரினேன். சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. உச்சி வெயில். தார்ப்பாயை உரித்தால் உள்ளே வெள்ளை வண்டி, ஒரு கீறல் இல்லை. ஓனருக்கு ஐம்பது வயதிருக்கும். சாவியை நீட்டி, நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். கூட வரச் சொல்லிச் சித்தப்பா கூப்பிட்டதற்கு, "நான் அதுல ஏறுறதில்லங்க" என்றார்.

அப்பா துணிப்பையிலிருந்து எவர்சில்வர் சொம்பை எடுத்து, அந்த வீட்டுக் குழாயில் தளும்பத் தளும்ப நிரப்பினார். நடு வரிசையில் ஏறிக் காலை அகட்டி உட்கார்ந்து, சொம்பை வயிற்றோடு ஒட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னப்பா இது?"

"ஒங்கக்கா இப்பிடித்தானத்தா உக்காருவா. நீ ஓட்டு."

கல்லைக் கடைசி வரிசையில் வைத்தார்.

வண்டியைச் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் சும்மா கிர்ரென்று எழுந்தது. மூன்றாவது கியரில் ஏறுகிற இழுவை இருக்கிறதே, பொய் சொல்ல மாட்டேன், ஆத்தூர் ரோட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். வளைவில் கொஞ்சம் சாய்கிறது, கிளட்ச் கனம், திருப்ப முழுத்தெருவும் வேண்டும். கடைசி வரிசையில் ஆறடி ஆளை வைத்தால் முழங்கால் காதைத் தொடும். அதை மடக்கினால் அஞ்சு மூட்டை வெங்காயம் போடலாம். இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

முதல் வேகத்தடையில் பின்னால் கல் உருண்டு விழுந்தது. டொக். அது சரி. ஆனால் அதற்குப் பதில் சொல்வதுபோல் கீழே இன்னொரு டொக். அப்புறம் இன்னொன்று. ஜாக்கி லூசாகக் கிடக்கும் என்றார் சித்தப்பா. கண்ணாடியில் பார்த்தேன். அப்பா சொம்பைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் கடைசி சீட்டு தெரிந்தது. இடது மூலையில் ரெக்ஸினில் ஒரு குழி. யாரோ அங்கே வெகுகாலம் உட்கார்ந்த மாதிரி. நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

திரும்பி வந்து பின்கதவைத் திறந்தோம். சீட்டுக்கடியில் ஜாக்கி வைக்கிற பள்ளத்தில் ஜாக்கி இல்லை. கற்கள். இருபதுக்கு மேல் இருக்கும், எல்லாம் கோழிமுட்டை அளவு. எங்கள் கல் அவற்றோடு விழுந்து கலந்துவிட்டது.

அப்பா முகம் வெளுத்துவிட்டது. எது நம் கல் என்று தெரியாமல் விட்டுப் போனால் காரியம் பாதியில் நிற்கும். ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கல் கல்தானே என்றேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"அடுத்தவுக ஆள நம்ம கூட கூட்டிட்டுப் போகவா?"

நான் வீம்புக்கு ஒன்றைக் கையில் எடுத்தேன். கொளுத்துகிற வெயிலில் அவ்வளவு நேரம் ஓடிய வண்டிக்குள் அது சில்லென்று இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அப்போது ஓனரின் மனைவி காபி கொண்டு வந்தார். தட்டில் நாலு டம்ளர். தனக்குக் காபி பழக்கமில்லை என்று ஓனர் முன்னமே சொல்லியிருந்தார். அந்தம்மா எங்கள் மூவருக்கும் கொடுத்துவிட்டு, நாலாவது டம்ளரைப் பின்கதவின் ஓரம், கற்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பள்ளத்தில் கையை விட்டு, தேடாமல் ஒரு கல்லை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"இவுகதான் ஒங்க கூட வந்தவுக."

அப்பா திருப்பிப் பார்த்தார். அடியில், மோட்டார் காயிலுக்கு ஊற்றுகிற வார்னிஷ் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. எங்கள் கடை வாசலைத் தவிர வேறெங்கும் கிடைக்காத கல். அந்தம்மா திருப்பிப் பார்க்கவே இல்லை.

பிறகு ஓனர்தான் சொன்னார். வீட்டில் அவர், மனைவி, ஒரே மகள் என்று மூன்று பேர். எங்கே போனாலும் ஒரு கல்லை எடுப்பார்கள். அந்தம்மாவுக்கு அதைத் திரும்பும்போது வழியில் போட மனசு வராது. கூட வந்தவரை எப்படி நடுரோட்டில் இறக்கிவிடுவது என்பாராம். கடைசி சீட்டின் மூலையில் உட்காரவைத்துக் கூட்டி வந்து, வீடு சேர்ந்ததும் பள்ளத்தில் பத்திரமாக வைத்துவிடுவாராம்.

"இப்ப நாங்க ரெண்டு பேருதான். கல்லு வேண்டியதில்ல" என்றார்.

வாசல் வழியே தெரிந்த கூடத்தில் என் வயசுப் பெண் ஒருத்தியின் படம், மாலையோடு. அப்பா தயங்கித் தயங்கி, இந்த வண்டியிலா என்று கேட்டார். மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் என்றார் அவர். அந்தம்மா கற்களை முந்தானையில் அள்ளி, இரண்டு நடையாக வீட்டுக்குள் கொண்டுபோனார்.

அப்பா குனிந்து தன் வேட்டியைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. "வண்டிய எடுத்துக்கிறோம்" என்றார். செம்பட்டியில் பஸ் ஏறுமுன் எங்கள் கல்லைப் புளியமரத்தடியில் இறக்கிவிட்டு, அங்கே பார்த்ததை அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

பத்து நாளில் வண்டி வந்தது. பள்ளம் காலி. நானே கை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஆனாலும் வேகத்தடையில் டொக். சித்தப்பா கடைசி சீட்டைக் கழற்றி, எல்லா போல்ட்டையும் முறுக்கி மாட்டினார். டொக். சில நாள் வரும், சில நாள் வராது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்து ஓட்டப் பழகினேன். அந்த மூலைக் குழி மட்டும் நிமிரவே இல்லை.

வளைகாப்பு முடிந்த மறுநாள் காலை. சொந்தக்காரர்கள் எல்லாம் வேனில் முன்னால் போய்விட்டார்கள். எங்கள் வண்டியில் கூட்டம் வேண்டாம், பேச்சுக் கொடுத்தே அவளை அலுக்க வைத்துவிடுவார்கள் என்று அப்பா யாரையும் ஏற்றவில்லை. அக்கா நடு வரிசையில், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு. அப்பா முன்னால் என் பக்கத்தில், மடியில் சொம்பு நிறையத் தண்ணீர். "ஏனுங்க சம்பந்தி, மெதுவாப் போகச் சொல்லுங்க" என்று அக்காவின் மாமியார் மூன்று தடவை சொன்னார்.

தெருமுனை திரும்பும்போது எண்ணினேன். மூன்று பேர். அப்பா பதற்றத்தில் மறந்திருந்தார். நான், கல் கல்தானே என்று கேட்டவள், வண்டியை நிறுத்தி இறங்கி ரோட்டோரம் ஒரு கல்லை எடுத்தேன்.

அக்கா கண்ணாடியை இறக்கினாள். "எதுக்குடி அது?"

"மூணு பேருதானக்கா இருக்கோம்."

"எண்ணத் தெரியாதா ஒனக்கு? நாலு பேரு இருக்கோம்."

நான் கல்லோடு நின்றேன். அப்பா சொம்பைப் பார்த்தபடியே, "போட்டுருத்தா" என்றார். போட்டுவிட்டேன்.

நாற்பதுக்கு மேல் முள் ஏறவிடவில்லை. ரேடியோ போடவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. அக்காவின் வளையல்கூடச் சத்தம் போடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கண்ணை மூடியிருக்கிறாள், கை வயிற்றின் மேல் அசையாமல். அன்றைக்கு ஜீப்பிலும் இப்படித்தான் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள் என்று அப்பா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. டொக் என்று ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ரோடு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அங்கே வளையல்கள் மொத்தமாகக் குலுங்கின. அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள். நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

அப்பா திரும்பவில்லை. சொம்பைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"ஏண்டி நிறுத்துற?" என்றாள் அக்கா. "ஒதைக்குதுடி. இம்புட்டு நேரம் சும்மா இருந்துட்டு இப்ப என்னமா ஒதைக்குது."

கண்ணாடியில் அவள் சிரிப்பதைப் பார்த்தேன். அவள் தோளுக்குப் பின்னால், கடைசி சீட்டின் இடது மூலையில், ரெக்ஸின் குழி மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது, யாரோ எழுந்து இறங்கிப் போன இடம் மாதிரி.

பக்கத்தில் அப்பா சொம்பைத் தூக்கி, ஒரு சொட்டு விடாமல் கடகடவென்று குடித்து முடித்தார்.