பழசு கஸ்பார்

“உள்ள ஏதும் இருக்கா?”

மேசைமேல் இருக்கிற மடிக்கணினிப் பெட்டி இன்னும் பிரிக்கப்படவேயில்லை. ஒட்டிய டேப் ஒட்டியபடி இருக்கிறது. ஆனாலும் கஸ்பார் கேட்கிறார். கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வந்தவர் முகத்தையே பார்க்கிறார்.

“என்னண்ணே, பெட்டியே பிரிக்கல. உள்ள என்ன முறுக்கா இருக்கப்போவுது?”

வந்தவர் செழியன். சாணார்பட்டி சாலையில் எடைமேடை வைத்திருக்கிறார். நேற்று மதியம் அங்கிருந்த பழைய கணினி புகைந்து உயிரை விட்டுவிட்டது. எடை போடுகிற மென்பொருளோ பன்னிரண்டு வருடத்துச் சரக்கு. அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது தேங்காய் மண்டி வைத்துவிட்டாராம். புதுக் கணினியில் வருகிற விண்டோஸ் பதினொன்றில் அது அசையக்கூட மாட்டேன் என்கிறது. பதினொன்றைத் தூக்கிவிட்டுப் பழைய விண்டோஸ் ஏழைப் போட்டால்தான் வேலை நடக்கும். புளி ஏற்றிய லாரிகள் காலையிலிருந்து வரிசை கட்டி நிற்கின்றன.

திண்டுக்கல்லில் இந்த வேலைக்கு எல்லோரும் கைகாட்டுகிற ஆள் ஒருவர்தான். பேகம்பூர் போகிற வழியில், டயர் கடைக்கு மேலே, ஏறும்போது தலையில் இடிக்கிற படிக்கட்டு. மேலே ஒரு பலகை இருக்கிறது. அதில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. ஊருக்கு அவர் ‘பழசு கஸ்பார்’. நூற்பாலையில் நூல் சோதிக்கிற கருவி, எம்பிராய்டரி மெஷின், ஜாதகம் கணிக்கிற ஜோசியர், இருபது வருடமாக ஒரே எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் என்று புதுசு ஒத்துக்கொள்ளாத அத்தனை பேரும் அந்தப் படியில் தலையை இடித்துக்கொண்டுதான் ஏறியாக வேண்டும்.

ஆள் குட்டை. வயது ஐம்பத்தேழு. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பல் தேய்க்கிற பிரஷ் செருகியிருக்கும். விசைப்பலகைத் தூசி தட்டத்தான். யார் கணினி வந்தாலும் முதலில் தட்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுப்பார். “வீட்டுக்கு வந்தவுகளுக்கு முதல்ல தண்ணி குடுக்கணும்ல?” என்பார்.

செழியனின் பெட்டியைக் கத்தி படாமல் பிரித்தார். எடுத்து, தட்டி, இயக்கினார். ஊர், நேரம், பெயர் என்று அது கேட்டதையெல்லாம் பொறுமையாகக் கொடுத்தார். திரை விரிந்ததும் உள்ளே போய் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். படங்கள், ஆவணங்கள், பாட்டுகள். கடைசியில் குப்பைத்தொட்டியையும் விடவில்லை.

“அண்ணே, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுறேன். லாரிக்காரன் என்னைய வெட்டிப்புடுவான்ணே. அழிச்சு விட்டுட்டுப் போட வேண்டியதுதான?”

“செத்த நேரம் பொறு அப்பு.”

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, ‘உள்ளே ஒன்றும் இல்லை. நானும் பார்த்தேன்’ என்று எழுதி அவர் பக்கம் தள்ளினார். செழியன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மேசையின் இழுப்பறையில் இப்படி ஒரு கட்டு தாள் இருக்கிறது. ஏதாவது இருந்துவிட்டால் கதை வேறு. ஒரு பென்டிரைவில் ஏற்றி, கவரில் போட்டு, கையில் கொடுத்த பிறகுதான் அழிப்பார். கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க யாரோ எடுத்த மங்கலான கட்டைவிரல் படத்தைக்கூட அவர் விட்டதில்லை. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி அவரிடம் கிடையாது. புதுக் கணினி என்றால் கேள்வியே இல்லாமல் துடைத்துவிடுவார். புதுசில் என்ன இருக்கப்போகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள எல்லோருடைய எண்ணமும்.

அவர் மனைவி ஆனந்தமேரி தமிழ் டீச்சர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். பாடம் நடத்தினால் மூன்று வகுப்பு தள்ளிக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசையில் முதல் வாசகம் அவருடையதுதான். அன்றைக்கு மைக் கெட்டுப்போனாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் நிற்கும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். நாளும் குறித்தாகிவிட்டது.

இனி நினைத்ததைத் தட்டெழுதிக் காட்ட உதவுமே என்று கஸ்பார் ஒரு புது மடிக்கணினி வாங்கி வந்தார். அதில் பதினொன்று இருந்தது. டீச்சருக்குப் பிடிக்கவில்லை. “என்னங்க இது, மூலையில கெடந்த பட்டனைக் கொண்டாந்து நட்டநடுவுல வச்சிருக்கான்? எனக்குப் பழசையே போட்டுத் தாங்க” என்று கரகரத்த குரலிலேயே சண்டை பிடித்தார். பிடித்துவிட்டு, அதையே நாலு நாள் வைத்திருந்தார். பிறகு மதுரைக்குப் போனார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்த கஸ்பாரின் கண்ணில் அந்த மடிக்கணினி பட்டது. அவள் வீட்டுக்கு வரும்போது ஏழும் மூலைப் பட்டனும் பழைய திரையும் தயாராக இருக்கட்டும் என்று உட்கார்ந்தார். பெண்டாட்டிக்கு அல்லவா? மற்றவர்களுக்குச் செய்வதைவிட நன்றாகச் செய்தார். உள்ளே இருக்கிற சேமிப்பு வட்டு முழுவதையும் ஒரு பொட்டு விடாமல் துடைத்தார். திரையில் அவளுக்குப் பிடித்த வேளாங்கண்ணிப் படத்தையும் வைத்தார். அவர் செய்த வேலையிலேயே சுத்தமான வேலை அதுதான். பாவி மனுஷன்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்த ஆனந்தமேரி கணினியைத் திறந்தார். தேடினார். மறுபடியும் தேடினார். பிறகு நோட்டை இழுத்து எழுதிக் காட்டினார்.

‘இதில் நாலு நாள் பேசி வச்சிருந்தேன். நீங்க கடைக்குப் போன பிறகு. உங்களுக்காக.’

கஸ்பார் அன்றைக்கே வட்டைக் கழற்றினார். மூன்று மாதம் அந்த வட்டோடு கிடந்தார். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார், கோயம்புத்தூருக்குப் போனார். சுழல்கிற பழைய வட்டாக இருந்தால் எதையாவது சுரண்டி எடுத்திருப்பார். புதுவகை வட்டில் அழித்தது அழித்ததுதான். அது அவருக்குப் போகும்போதே தெரியும். தெரிந்துதான் போனார்.

அவர் போனில் மேரியின் குரல் இரண்டே இடத்தில் இருக்கிறது. ஒன்று, “குடை எடுத்துட்டுப் போனீங்களா?” இன்னொன்று, “சின்ன வெங்காயம் அரைக் கிலோ, பாத்து வாங்குங்க, போன தடவ அம்புட்டும் அழுகல்.” குரல் இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்வார்கள். குரலா இப்போது கேள்வி? முப்பது வருடம் கூட இருந்தவள், இனிமேல் பேச முடியாது என்று தெரிந்த பிறகு, நாலு நாள் உட்கார்ந்து அவரிடம் என்ன சொன்னாள்? அது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்த ஏக்கம்தான் அவரைத் தின்கிறது.

ஒரே ஒரு தடவை கேட்டார். “எழுதியாவது காட்டு மேரி.” மேரி வெகுநேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்: ‘எழுதுறதுன்னா அன்னைக்கே எழுதியிருப்பேன்.’ கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒருநாள் பேசிப் பார்த்துவிட்டு, ‘இது நான் இல்லை’ என்று எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதன்பிறகு கஸ்பார் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைக்கிறார்.

செழியனின் கணினியில் ஏழு ஏற ஆரம்பித்தது. திரையில் புள்ளிகள் ஓடின. செழியன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்கண்ணே. யாருதையாவது தெரியாம அழிச்சுப்புட்டீங்களா? அதான் இம்புட்டுப் பயமா?”

கஸ்பார் பிரஷ்ஷின் முடியைத் தடவிக்கொண்டே, “ம்” என்றார்.

“அட, இதுக்குப் போயா? அவுக உசுரோடதான இருக்காக? திரும்பக் கேட்டா தந்துட்டுப் போறாக.”

எடைமேடைக்காரர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். கஸ்பார் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

மணி ஒன்று. அந்த நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போன் செய்வார். டீச்சர் வேலையில் இருந்த காலத்திலிருந்து வருகிற பழக்கம், சாப்பாட்டு மணி அடித்ததும் பேசுவது. இப்போதும் விடவில்லை. மறுமுனையில் மேரி மோதிரம் போட்ட விரலால் போனின் முதுகில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. மூன்று தட்டினால் சீக்கிரம் வீட்டுக்கு வாங்க.

“மேரி, சாப்ட்டியா?”

டக்.

“மாத்திரை?”

டக்.

“சரி, குழம்பும் வெஞ்சனமும் எனக்கு எடுத்து வச்சிரு. வாரேன்.”

வழக்கமாக இத்துடன் வைத்துவிடுவார். இன்றைக்கு வைக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். 

“மேரி… அன்னைக்கு அந்த நாலு நாளும் என்கிட்ட என்னதான் சொன்ன?”

மறுமுனையில் சத்தமே இல்லை. கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடி நின்றது. வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். வைக்கவில்லை. மறுபடி காதில் வைத்தார்.

டக்.

அப்புறம் இன்னொன்று. அப்புறம் இரண்டு, சேர்ந்தாற்போல. நிற்கும் என்று பார்த்தார், நிற்கவில்லை. மேரி மெதுவாகத் தட்டினார், வேகமாகத் தட்டினார், ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கினார், மறுபடியும் தொடங்கினார். ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. எந்தக் கணக்கிலும் வராமல் மோதிரம் தட்டிக்கொண்டே இருந்தது.

“அண்ணே, ஏறிருச்சுண்ணே! லாரிக்காரன் கூப்பிடுறான்!” என்றார் செழியன்.

கஸ்பார் திரும்பவில்லை. ஒரு சத்தமும் தவறிவிடக் கூடாது என்று, இன்னொரு காதைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.